மும்பைக்காரன் கேக்க மாட்டானா?

அருப்புக்கோட்டை வீட்டு அலமாரியில் ஒரு பழைய லேப்டாப். லினக்ஸ் போட்டு, காலமான அப்பாவின் குரல் பதிவுகளை அதில் வைத்திருக்கிறேன். திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் காட்டின் எல்லை எது, யார் நமக்குக் கடன்... எல்லாம் சொல்லியிருக்கிறார். வீட்டு விஷயம் வீட்டிலேயே இருக்கட்டும் என்பது நம்ம கொள்கை சார்!

சென்னை ரூமிலிருந்து அதைக் கேட்க வயர்கார்டு வி.பி.என். போட்டேன். மூன்று ராத்திரி முட்டினேன். ம்ஹூம்! கடைசியில் பார்த்தால் ரவுட்டருக்குக் கிடைத்த முகவரி 100.64 என்று ஆரம்பிக்கிறது. அதாவது காம்பவுண்டு வீடு. ஒரே கதவு எண், ஏகப்பட்ட குடித்தனம். உள்ளேயிருந்து யாரையும் கூப்பிடலாம். வெளியிலிருந்து வருகிறவனுக்கு எந்த வீடு என்று தெரியாது.

மும்பையில் மாத வாடகைக்கு ஒரு குட்டி சர்வர் பிடித்தேன். வீட்டு லேப்டாப் 25 செகண்டுக்கு ஒரு தடவை அதற்குக் குரல் கொடுத்துப் பாதையைத் திறந்தே வைக்கும். நானும் அங்கே போய்ச் சேர்ந்துகொள்வேன். அப்பா பேசினார்! பெருமையாக அம்மாவுக்கு போன் போட்டேன்.

"ஏய்யா, அந்த மும்பைக்காரன் கேக்க மாட்டானா?"

திக்கென்றது. நான் போட்ட பூட்டு மும்பையில் ஒருமுறை திறந்துதான் மறுபடி பூட்டுகிறது. நினைத்தால் கேட்கலாம். 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றதை ஆபீஸ் முழுக்கப் பேசித் தீர்த்தவன் நான்!

அன்று ராத்திரியே உள்ளே எஸ்.எஸ்.எச். என்று இன்னொரு பூட்டு. மும்பையில் இதற்குச் சாவி கிடையாது.

"இனிமே கேக்க முடியாதும்மா."

"சரிய்யா. நடுவுல அப்பா இருமுவாருல்ல, அதை அழிச்சிராத" என்றாள்.