இடைவழித் துறைமுகம்

திருவல்லிக்கேணி ஒரே மொழிக்கு உரிய ஊரன்று. பார்த்தசாரதி கோயிலின் மாட வீதிகளில் தமிழோடு தெலுங்கும் கேட்கும். வாலாஜா பெரிய பள்ளிவாசலைச் சூழ்ந்த தெருக்களில் உருதும் தமிழும் ஒரே பேச்சில் கலந்து வரும். பைகிராப்ட்ஸ் சாலை என்று முன்பு வழங்கிய பாரதி சாலையின் பழைய புத்தகக் கடைகளில் எந்த மொழி நூலும் எந்த நாளிலும் அகப்படலாம். 'மேன்ஷன்' என்றே பெயர் பெற்றுவிட்ட விடுதிகளில், பத்தடி அறையைப் பகிர்ந்துகொண்டு, வெளியூர் இளைஞர்கள் தேர்வுக்குப் படிக்கின்றனர்.

அத்தகைய அறையொன்றில் தங்கிச் சேப்பாக்கத்தில் பயிலும் மாணவர் ஒருவர் சீன மொழி கற்க விரும்புவதாகக் கொள்வோம். அவர் முன் முதலில் நிற்பது மொழியன்று, இடம். ஒரு தேர்வுக்கும் அடுத்த வகுப்புக்கும் நடுவே கிடைப்பது ஆறேழு வாரம். செலவுக்கு இருப்பது வீட்டார் சிறுகச் சிறுகச் சேர்த்த தொகை. பெய்ஜிங்குக்குச் செல்வதா, தைபெய்க்கா, சிங்கப்பூருக்கா? தவறான இடத்தைத் தேர்ந்தால் பணமும் போகும். அதனினும் அரிதாகிய விடுமுறையும் போகும்.

இந்தக் கேள்வி புதியதன்று. 1,350 ஆண்டுகளுக்கு முன் சீனத் துறவி ஒருவரும் இதனை எதிர்கொண்டார். அவர் கற்க வேண்டியிருந்தது வடமொழி. இத்சிங் என்னும் அத்துறவி கி.பி. 671இல், தம் முப்பத்தேழாம் வயதில், குவாங்சோ துறைமுகத்தில் பாரசீக வணிகர் கப்பலில் ஏறினார். உடன் வருவதாகச் சொல்லியிருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பின்வாங்கியிருந்தனர். இருபது நாளுக்குள் கப்பல் சுமத்திராத் தீவின் ஸ்ரீவிஜயத்தை அடைந்தது. அங்கே அவர் ஆறு திங்கள் தங்கி வடமொழி இலக்கணத்தைப் படிப்படியாகக் கற்றார். பின்னர்க் கடாரம் வழியாகக் கடல் கடந்து, 673இல் வங்கக் கரையின் தாமிரலிப்தியில் இறங்கினார். அங்கும் ஏறத்தாழ ஓராண்டு மொழிப் பயிற்சி செய்தார். அதன் பின்னரே நாளந்தாவுக்குச் சென்று பத்தாண்டு பயின்றார். (அந்தக் கடாரமும் ஸ்ரீவிஜயமும் முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியால் நமக்குப் பழகிய பெயர்கள், ஆனால் சோழர் கப்பல்கள் அங்குச் சென்றது இத்சிங்குக்கு மூன்றரை நூற்றாண்டு கழித்து.)

இந்தியாவுக்குக் கற்கச் செல்லும் சீனத் துறவி முதலில் ஸ்ரீவிஜயத்தில் ஓரிரண்டு ஆண்டு தங்கிப் பயில்வது நன்று என்று அவர் எழுதி வைத்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட துறவியர் அங்கே இருந்தனர். நூல்களும் ஒழுக்க முறைகளும் இந்தியாவில் உள்ளவற்றை ஒத்திருந்தன. கற்க வேண்டிய மொழியின் தாயகத்துக்கு நேரே போகாமல், இடைவழியில் ஒரு துறைமுகத்தைத் தேர்ந்துகொள்ளச் சொன்ன அவரது அறிவுரை இன்றும் எடைபோட்டுப் பார்க்கத்தக்கது.

இத்சிங்கின் வாழ்வில் வேடிக்கையான நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. நாளந்தாவிலிருந்து ஸ்ரீவிஜயத்துக்குத் திரும்பி மொழிபெயர்ப்பில் ஈடுபட்டிருந்தபோது, தாளும் மையும் எழுத்தரும் வேண்டுமென்று குவாங்சோவுக்கு மடல் எழுதினார். 689இல் அதனைச் சேர்ப்பிக்கக் கப்பலுக்குச் சென்றார். அந்நேரம் சாதகமான காற்று எழுந்தது, பாய்கள் விரிந்தன, துறவியையும் ஏற்றிக்கொண்டு கப்பல் புறப்பட்டுவிட்டது. நூல்களெல்லாம் ஸ்ரீவிஜயத்தில் கிடக்க, அவர் மட்டும் வெறுங்கையுடன் குவாங்சோவில் இறங்கினார். அதே ஆண்டில் உதவியாளர் நால்வரைச் சேர்த்துக்கொண்டு மீண்டும் ஸ்ரீவிஜயம் வந்தார். 695இல் அவர் லோயாங் நகரை அடைந்தபோது அவரிடம் ஏறத்தாழ 400 நூல்கள் இருந்தன.

அவருடைய காலத்தைப் பருவக்காற்று அளந்தது; இன்றைய மாணவரின் காலத்தைக் கல்லூரி நாட்காட்டி அளக்கிறது. எங்கே செல்வது என்பதை முடிவு செய்ய, தமிழ் அறிந்த ஒருவருக்குச் சீனத்தில் எது எளிது, எது கடினம் என்று முதலில் பார்க்க வேண்டும்.

கடினமானது மூச்சு. தமிழில் 'பல்' என்னும்போது ஒலிக்கும் பகரம் வேறு, 'தம்பி' என்னும்போது ஒலிக்கும் பகரம் வேறு. ஆயினும் எழுத்து ஒன்றே. இடத்திற்கேற்ப ஒலி தானே மாறுகிறது. சீனத்திலோ மூச்சை வெளிவிட்டுச் சொல்லும் பகரமும் மூச்சை அடக்கிச் சொல்லும் பகரமும் இருவேறு பொருள் தரும். தமிழ்ச்செவி முதல் சில நாள் இவ்விரண்டையும் ஒன்றாகவே கேட்கும். அடுத்தது தொனி. 'மா' என்னும் ஓரசையைச் சமமாக நீட்டினால் தாய். ஏற்றிச் சொன்னால் சணல். தாழ்த்தி எழுப்பினால் குதிரை. விரைந்து இறக்கினால் வைதல். நம் பழந்தமிழிலும் 'மா' குதிரையைக் குறிக்கும். இதை வைத்து இரு மொழிக்கும் உறவு கற்பிக்கப் புகுவது வீண்வேலை. தற்செயல் ஒற்றுமை என்று கண்டு மகிழ்வதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எளியவையும் உண்டு, அவை பலரும் எதிர்பாராதவை. சீனத்தில் நா வளைத்து ஒலிக்கும் எழுத்தொலிகள் சில உள்ளன. அவற்றுள் ஒன்று நம் ழகரத்துக்கு மிக நெருங்கியது. பிற நாட்டார் பல வாரம் போராடும் இடத்தைத் தமிழ் மாணவர் முதல் நாளிலேயே கடந்துவிடக்கூடும். 'நேற்று வந்த மாணவர்' என்று நாம் பெயரெச்சத்தைப் பெயருக்கு முன் வைப்பதுபோலவே சீனரும் வைக்கின்றனர். சொற்களின் வரிசைகூட மாறுவதில்லை. எல்லாவற்றினும் வியப்பானது தன்மைப் பன்மை. கேட்பவரையும் சேர்த்துச் சொல்ல நமக்கு 'நாம்', விலக்கிச் சொல்ல 'நாங்கள்'. பெய்ஜிங் பேச்சிலும் கேட்பவரை உளப்படுத்திச் சொல்ல 'ட்ஸான்மன்' என்றொரு தனிச்சொல் உண்டு, மற்றது 'வொமன்'. தெற்கே செல்லச் செல்ல இவ்வேறுபாடு மங்கி, 'வொமன்' ஒன்றே இரண்டுக்கும் நிற்கிறது.

இடத்தைத் தேர்வதற்கு இவ்வேறுபாடுகள் உதவுகின்றன. தைபெயில் நா வளைக்கும் ஒலிகள் அன்றாடப் பேச்சில் நெகிழ்ந்துவிடுகின்றன; ஷகரம் ஸகரமாகக் கேட்கும். பெய்ஜிங்கிலோ அவ்வொலிகள் அழுத்தமாக வரும். சொல்லின் இறுதியிலும் ழகரம் போன்ற ஒலியொன்று ஒட்டிக்கொள்ளும். நாவில் ழகரமும் மனத்தில் 'நாம்–நாங்கள்' வேறுபாடும் உடைய தமிழர் தம் மொழியிலிருந்து எடுத்துச் செல்லும் இவ்விரு செல்வங்களுக்கும் முழுமதிப்புக் கிடைப்பது பெய்ஜிங்கில்தான். அங்குள்ள மொழி, பண்பாட்டுப் பல்கலைக்கழகம் 1962 முதல் வெளிநாட்டு மாணவர்க்கென்றே சீனம் கற்பித்து வருகிறது.

ஆனால் எழுத்தை நினைத்தால் தராசு மறுபுறம் சாயும். சீன அரசு 1956இல் எழுத்துகளை எளிமையாக்கியது. பழைய முறையில் 'குதிரை' எழுதப் பத்துக் கோடுகள் வேண்டும். புதிய முறையில் மூன்று போதும். தைவான் பழைய எழுத்தையே காத்து வருகிறது. செவ்விலக்கியமும் கல்வெட்டும் படிக்க விழைபவருக்குத் தைபெயே தக்க இடம். இலங்கையின் காலி நகரில் 1911இல் கண்டெடுக்கப்பட்ட, 1409ஆம் ஆண்டின் கல்வெட்டு இதற்குச் சான்று. அதில் சீனம் புத்தரைப் போற்றுகிறது. தமிழ் தேனாவரை நாயனாரைப் போற்றுகிறது. பாரசீகம் இசுலாமிய நெறியில் பேசுகிறது. கோயிலும் பள்ளிவாசலும் அருகருகே நிற்கும் திருவல்லிக்கேணியில் வாழ்பவருக்கு அக்கல் அந்நியமாகத் தோன்றாது. அதன் சீனப் பகுதியை எழுத்தெண்ணிப் படிக்கப் பழைய எழுத்தே கைகொடுக்கும்.

சிங்கப்பூரைப் பலரும் முதலில் நினைப்பர். தமிழும் சீனமும் ஆட்சிமொழிகளாக உள்ள நாடு, உறவினர் இருப்பர், உணவுக்குக் குறைவில்லை. அந்த வசதியே அங்குள்ள இடர். கடையில் தயங்கி நின்றால் கடைக்காரர் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். சிராங்கூன் சாலைக்குப் போனால் தமிழிலேயே நாள் கழிந்துவிடும். ஆறு வாரம் தங்கியும் ஆறு வாக்கியம் தேறாமல் திரும்ப நேரலாம்.

இவற்றையெல்லாம் எண்ணி முடித்த பின்னும் நாட்காட்டி வழிமறிக்கும். நம் கல்லூரிகள் ஏப்ரல் இறுதியில் விடுமுறைவிட்டு ஜூன் நடுவில் திறக்கின்றன. சீனப் பல்கலைக்கழகங்களின் கோடை வகுப்புகளோ பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில் நடைபெறுகின்றன. 1956இல் தொடங்கப்பட்ட, தைவான் தேசிய ஆசிரியர் பல்கலைக்கழகத்தின் சீன மொழிப் பயிற்சி மையத்தில் கோடைப் பருவம் ஜூனில்தான் தொடங்கும். தைவான் அரசு சீனம் கற்க வழங்கும் ஹுவாயூ உதவித்தொகையில் இரண்டு மாதக் கோடைப் பயிற்சியும் உண்டு. ஆனால் அதுவும் அதே காலத்தில்தான். ஆகவே இளங்கலைக்கும் முதுகலைக்கும் இடைப்பட்ட கோடை ஒன்றே பலருக்குப் பொருந்தும். அதற்கு ஆண்டின் தொடக்கத்திலேயே விண்ணப்பித்தாக வேண்டும். 2012 முதல் சென்னையில் இயங்கும் தைபெய் பொருளாதார, பண்பாட்டு மையத்தில் விவரம் கேட்கலாம்.

அதுவரை காத்திருப்பது வீணன்று. இத்சிங்கின் அறிவுரை இங்கேதான் பயன்படுகிறது. தாகூரின் சாந்திநிகேதனில் 1937இல் தான் யுன்-ஷான் முயற்சியால் சீன பவனம் எழுந்தது. ஆனால் அவ்வளவு தொலைவு செல்லவும் தேவையில்லை. இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்து சீனத்தில் பணியாற்றிய ஸ்ரீதரன் மதுசூதனன், 'பயணி' என்னும் புனைபெயரில், சீன மொழிக்குத் தமிழ்வழி அறிமுக நூலொன்று எழுதியுள்ளார். சீனரின் தொன்மையான 'கவித்தொகை'யிலிருந்து பாடல்களைத் தமிழாக்கியும் தந்துள்ளார். மாலையில் ஒரு மணி நேரம், விடுதி அறையில், நான்கு தொனிகளையும் மூச்சு வேறுபாட்டையும் செவிக்குப் பழக்கி, இருநூறு எழுத்துகளைக் கோடு பிசகாமல் எழுதக் கற்றுவிட்டுப் புறப்படுபவர், ஆறு வாரத்தின் முதல் இரண்டு வாரங்களை அங்கே வகுப்பறையில் இழக்கமாட்டார்.