பெயரையும் தேதியையும் மாற்றினால் போதாது

“17(ஆ) மெமோவுக்கு மாடல் கம்ப்யூட்டரிலேயே இருக்கு மேடம். பெயரையும் தேதியையும் மாத்தினா போதும்.” அண்மையில் ஒரு பயிற்சி வகுப்பில் இளம் உதவியாளர் ஒருவர் என்னிடம் இப்படிச் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். வகுப்பில் இருந்த மற்றவர்களும் தலையாட்டினார்கள். ஊரக வளர்ச்சித் துறையில் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவில் போனது. அந்தப் பிரிவுக்கு மாற்றல் என்றாலே தண்டனை என்று நினைப்பவர்கள் நடுவே, விரும்பி அங்கேயே இருந்தவள் நான். அந்தப் பிள்ளையின் பேச்சு மனதை அறுத்துக்கொண்டே இருப்பதால் இதை எழுதுகிறேன்.

17(ஆ) என்பது அரசு ஊழியருக்குப் பெரிய தண்டனை தரக்கூடிய குற்றச்சாட்டுக் குறிப்பாணை; சிறிய தண்டனைக்கு 17(அ). அந்த மாடலை வாங்கிப் பார்த்தேன். குற்றச்சாட்டு எதுவாக இருந்தாலும் முடிவு ஒன்றாகவே இருக்கிறது: ‘கடமையில் கவனக்குறைவாக இருந்து, நேர்மையில் தவறி, 1973ஆம் ஆண்டு அரசுப் பணியாளர் நடத்தை விதிகளின் 20(1)ஆவது விதியை மீறியுள்ளார்.’ தாமதமாக வந்தவருக்கும் அதுதான், பணத்தைக் கையாடியவருக்கும் அதுதான். 20(1) பரந்த விதி. முழு நேர்மை, கடமையில் ஈடுபாடு, பணிக்குப் பொருந்தாத எதையும் செய்யாமை என்று எல்லாவற்றையும் உள்ளடக்கியது. பரந்த விதி என்பதாலேயே அதைத் தனியாக நிறுத்தினால் எதையும் நிரூபிக்காது. என்ன செய்தார் என்பதைச் சொல்லிவிட்டுக் கடைசியில் அந்த விதியைச் சேர்க்கலாம். என்ன செய்தார் என்று சொல்லாமல் அதை மட்டும் எழுதினால், அது குற்றச்சாட்டே அல்ல, வசவு.

பவானிசாகர் பயிற்சியில் விதி எண்களைப் படித்தேன். குற்றச்சாட்டு வரைவதைப் படித்தது எங்கள் கண்காணிப்பாளரிடம். அவர் பெயரைச் சொன்னால் இன்று யாருக்கும் தெரியாது, அதனால் சொல்லவில்லை. குட்டையான மனிதர், பேச்சு குறைவு. வரைவைக் கொண்டுபோய் வைத்தால் முதலில் குற்றச்சாட்டு இருக்கும் இணைப்பு 1ஐப் படிக்க மாட்டார். ஆவணங்களையும் சாட்சிகளையும் பட்டியலிடும் இணைப்பு 3ஐயும் 4ஐயும் திருப்புவார். ஆவணம் எது, சாட்சி யார் என்று பார்த்துவிட்டு, அதற்கு மேலே குற்றச்சாட்டில் ஒரு சொல் கூடுதலாக இருந்தாலும் அடித்துவிடுவார். ‘பெருத்த’, ‘கடுமையாக’, ‘வேண்டுமென்றே’, ‘உள்நோக்கத்துடன்’ எல்லாம் போய்விடும். “உள்நோக்கத்துக்கு எந்த டாகுமென்ட்டும்மா?” என்பார். பதில் இருக்காது.

அதைவிடக் கடினமான ஒன்றையும் எங்களைச் செய்ய வைத்தார். மெமோ கையெழுத்துக்குப் போவதற்கு முன்னால், குற்றம் சாட்டப்பட்டவரின் விளக்கத்தை நாமே எழுதிக் கொண்டுபோக வேண்டும். “நம்ம பக்கத்தை வச்சிட்டு, அவன் பக்கத்தை எழுதிட்டு வாம்மா. அவனுக்கு வக்கீல் நீதான்.” முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. வேலை இரட்டிப்பாகிறதே என்று அழுகை வந்த நாளும் உண்டு. ஆனால் அவர் விட்டதில்லை. அந்த எதிர்ப்பக்கத்தை எழுதும்போதுதான் நம் வரைவில் எங்கே ஓட்டை என்பது கண்ணில் படும்.

ஒரு சிமெண்ட் சாலை விவகாரம். கட்டுக்கு வந்த முதல் வரைவு இப்படி இருந்தது: ‘தரமற்ற பணியைக் கண்டும் காணாமல் இருந்து ஊராட்சிக்குப் பெருத்த நிதியிழப்பு ஏற்படுத்தினார்.’ குற்றம் சாட்டப்பட்டவர் ஒன்றிய ஓவர்சியர். அவர் பக்கத்தை எழுத உட்கார்ந்தேன். மூன்றே வரியில் முடிந்துவிட்டது: பணி தரமாகத்தான் நடந்தது, நான் கண்டும் காணாமல் இருக்கவில்லை, நிதியிழப்பு எதுவும் இல்லை. அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் சொல்ல வேண்டியதே இல்லை. விசாரணை அலுவலரும் அந்த மூன்று வரியை வைத்துக்கொண்டு எதையும் கண்டுபிடிக்க முடியாது.

மறுபடி எழுதினோம். பணி அளவுகளைப் பதியும் எம்.புக்கின் இன்ன பக்கத்தில், இன்ன தேதியில், சாலையின் கனம் 15 சென்டிமீட்டர் என்று இவர் தம் கைப்பட எழுதிக் கையெழுத்திட்டார். இன்ன தேதியில் பொறியாளர் சாலையை மூன்று இடங்களில் வெட்டிப் பார்த்தபோது கனம் 9, 10, 9 சென்டிமீட்டர். எம்.புக்கில் இருந்த அளவின்படி பட்டியல் தொகை வழங்கப்பட்டது. இணைப்பு 3இல் எம்.புக்கும் வெட்டிப் பார்த்த அறிக்கையும். இணைப்பு 4இல் அந்தப் பொறியாளர். மறுபடியும் அவர் பக்கத்தை எழுதிப் பார்த்தேன். இப்போது அவர் ஒன்று, எழுதியது தன் கையெழுத்தில்லை என்று சொல்ல வேண்டும். அல்லது வெட்டிய இடம் தவறு என்று சொல்ல வேண்டும். அல்லது அளக்காமலே எழுதினேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்றில் எதைச் சொன்னாலும் விசாரணைக்கு ஒரு பாதை இருக்கிறது. அவர் உண்மையிலேயே அளந்திருந்தால், அதை நிரூபிக்கும் வாய்ப்பும் அதே வரிகளுக்குள்ளேயே இருக்கிறது. இதைத்தான் வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். திட்டவட்டமான குற்றச்சாட்டு நேர்மையான ஊழியருக்குத்தான் முதல் பாதுகாப்பு. மொட்டையாக எழுதினால் தவறு செய்தவன் மொட்டையாகவே மறுத்துவிட்டுத் தப்புவான். தவறு செய்யாதவன்தான் எதை மறுப்பது என்று தெரியாமல் மாட்டிக்கொள்வான்.

ஒழுங்கு நடவடிக்கை நியாயமாகவும் காலத்தோடும் நடக்க வேண்டும் என்று நீதிமன்றங்களும் பல முறை சொல்லிவிட்டன. விசாரணை அறிக்கையின் நகலைக் கொடுக்காமல் தண்டிக்கக் கூடாது என்று 1993இல் கருணாகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பத்து ஆண்டு கழித்துக் கொடுத்த குற்றச்சாட்டை 2005இல் நம் வீட்டு வசதி வாரியம் சம்பந்தப்பட்ட வழக்கிலேயே ரத்து செய்தது. இருந்தும் கட்டுகள் ஆண்டுக்கணக்கில் தூங்குகின்றன. ஓய்வு பெறும் நாளன்று மாலையில் சஸ்பென்ஷன் உத்தரவைக் கையில் கொடுக்கும் வழக்கத்தை நான் நெடுநாள் பார்த்திருக்கிறேன். மாலையும் கழுத்துமாக நிற்கிற மனிதரிடம் அந்த உறையை நீட்டுவதற்கு எந்த விதியும் கட்டாயப்படுத்தவில்லை. மூன்று ஆண்டுக்கு முன்னால் எழுதியிருக்க வேண்டிய மெமோவை எழுதாத சோம்பேறித்தனம்தான் காரணம்.

அதே சிமெண்ட் சாலையில் ஓவர்சியர் ஒருவர் மட்டுமா? காசோலையில் ஊராட்சித் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்திட்டார்கள். செயல் ஒன்றுதான். ஆனால் ஓவர்சியருக்கு 17(ஆ), தலைவருக்கு 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆவது பிரிவு, துணைத்தலைவருக்கு 206. ஒருவருக்கு எழுதியதை இன்னொருவருக்குப் பொருத்தவே முடியாது. மாடல் வைத்திருப்பவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். தலைவருக்கு அனுப்பிய நோட்டீசில் ‘20(1)ஐ மீறினார்’ என்று அடித்ததை நான் கண்ணால் பார்த்தேன். தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கு அந்த விதி பொருந்தவே பொருந்தாது.

தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் விஷயத்தில் சட்டம் தரும் கருவி கோடரி மாதிரி. அரசு ஊழியருக்குக் கண்டனம் உண்டு, இன்கிரிமென்ட் கட் உண்டு, பதவியிறக்கம் உண்டு, கடைசியில்தான் டிஸ்மிஸ். ஊராட்சித் தலைவருக்கு 205இல் நீக்கம், இல்லையென்றால் நடவடிக்கை கைவிடல். நடுவில் ஒன்றும் இல்லை. அதனால்தான் அந்த நோட்டீசை இரண்டு மடங்கு கவனத்துடன் எழுத வேண்டும். விளக்கம் திருப்தியில்லை என்றால் தாசில்தார் ஊராட்சிக் கூட்டத்தைக் கூட்டி நோட்டீசையும் விளக்கத்தையும் வாசிக்கிறார். அவற்றின் நியாய அநியாயம் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசக் கூடாது, அவருக்கு ஓட்டும் இல்லை. அப்படியானால் அந்தக் கூட்டத்தில் பேசுவது காகிதம் ஒன்றுதான். அந்தக் காகிதத்தை எழுதியவர் யாரோ ஒரு பிரிவு உதவியாளர்.

தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில் இதன் கனம் தெரியும். பாப்பாபட்டி, கீரிப்பட்டி ஊர்களில் பத்தாண்டுக் காலம் தேர்தலை நடத்த விடாமலோ, நடந்தாலும் தலைவரைப் பதவியில் நீடிக்க விடாமலோ தடுத்தார்கள்; 2006இல்தான் தலைவர்கள் முழுமையாக வந்தார்கள். 2020இல் கடலூர் மாவட்டத்துத் தெற்குத் திட்டையில் பட்டியல் சாதிப் பெண் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படம் நாடு முழுவதும் போனது. இப்படிப்பட்ட ஊர்களில் ‘தலைவர் கடமையைச் செய்யவில்லை’ என்ற புகாருக்குச் சட்டம் கேட்கும் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்களின் கையெழுத்து கிடைப்பது கஷ்டமே இல்லை. ஒரு முறை அப்படி ஒரு மனு வந்தது. தெருவிளக்கு எரியவில்லை, குடிநீர் மோட்டார் பழுது, தலைவர் ஒன்றும் செய்யவில்லை. எங்கள் கண்காணிப்பாளர் சொல்லிக்கொடுத்தபடி எந்த மோட்டார், எந்த மாதம், எந்தக் காசோலை என்று கேட்டு எழுதினேன். பதில் ஊராட்சிக் கோப்பிலிருந்து வந்தது. தலைவி கையெழுத்திட்ட காசோலைகள் துணைத்தலைவரின் கையெழுத்து இல்லாமல் மாதக்கணக்கில் கிடந்திருக்கின்றன. நடவடிக்கை திசை மாறியது. மாடலில் பெயரை மட்டும் மாற்றி நோட்டீஸ் போயிருந்தால், அந்த அம்மா பதவி இழந்திருப்பார். அவர் இழந்தது ஏன் என்று யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

இப்போது தன்னார்வலர்களுக்கும் நடத்தை விதி எழுதச் சொல்கிறார்கள். மாலை வகுப்பு நடத்துபவர்கள், கணக்கெடுப்புக்குப் போகிறவர்கள், வெள்ளக் காலத்தில் நிவாரணம் பிரிப்பவர்கள். இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தபோது மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு எத்தனை பெண்கள் ஆர்வத்துடன் வந்தார்கள் என்பதைப் பார்த்திருக்கிறேன். இவர்களுக்கு 17(அ)வும் இல்லை, 17(ஆ)வும் இல்லை, மேல்முறையீடும் இல்லை. பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டால் அதோடு முடிந்தது. கல்யாணமாகாத ஒரு பெண்ணின் பெயரை எடுத்துவிட்டார்கள் என்றால், ஊரில் அதற்கு என்னென்ன காரணம் கற்பிப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு அலுவலகத்தில் தன்னார்வலர்களுக்கான நடத்தை விதி வரைவைத் தயாரித்து, பழைய ஆள் என்பதால் என்னிடம் காட்டினார்கள். ‘தன்னார்வலர்கள் எப்போதும் கண்ணியத்துடனும் ஒழுக்கத்துடனும் நடந்துகொள்ள வேண்டும்’ என்று ஆரம்பித்து ஒன்றரைப் பக்கம் அதே தொனி. மாலையில் வகுப்பு நடத்தும் பெண்ணைப் பிடிக்காத ஒருவர் ‘கண்ணியமாக இல்லை’ என்று போன் செய்தால் போதும், அவள் கதை முடிந்தது. அதே சமயம், உண்மையிலேயே தடுக்க வேண்டியது எதுவும் அதில் இல்லை. யாரிடமும் பணமோ பொருளோ வாங்கக் கூடாது. குழந்தைகளின் படத்தை ஸ்டேட்டஸில் போடக் கூடாது. கணக்கெடுப்பில் கிடைத்த ஆதார் எண், போன் எண்ணை யாருக்கும் தரக் கூடாது. குழந்தையுடன் தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கக் கூடாது. கட்சிக் கொடியும் நோட்டீசும் வகுப்பு இடத்தில் கூடாது. இவை ஒவ்வொன்றையும் செய்தாரா இல்லையா என்று ஒரு நாளில் விசாரித்துவிடலாம். கண்ணியத்தை எப்படி விசாரிப்பது?

வரைவை அடித்து இந்த ஐந்தையும் எழுதிக் கொடுத்தேன். ஆறாவதாக ஒன்று: புகார் எழுத்தில் இருக்க வேண்டும், அதன் நகல் தன்னார்வலருக்குத் தரப்பட வேண்டும், ஒரு வாரத்துக்குள் அவர் பதில் தரலாம், அதன் பிறகே பெயரை நீக்கலாம். இறுதி வடிவம் எனக்கு வந்தது. முதல் ஐந்தும் இருந்தன. கண்ணியமும் ஒழுக்கமும் மேலே திரும்பி வந்திருந்தன. ஆறாவது வரியைக் காணவில்லை. போன் செய்து கேட்டேன். “தன்னார்வலர்தானே மேடம், இவங்களுக்கு இவ்வளவு ப்ரொசீஜர் எதுக்கு?” என்றார்கள்.

அதே ஆறாவது வரியை மறுபடி எழுதி, இந்த முறை பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். கூடவே, பெயர் நீக்கப்பட்ட ஒரு பெண் என்ன விளக்கம் தருவாள் என்பதையும் அவள் பக்கத்திலிருந்து முழுப் பக்கம் எழுதி இணைத்திருக்கிறேன்.