வெற்றுத் தொட்டில்

புகைப்படக் கருவி தோன்றாத காலம் அது. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டு உயர்குடியினர் தம் உருவத்தைப் பின்வருவோர்க்கு விட்டுச்செல்ல ஓவியரையே நாடினர். அவர்கள் விரும்பியது உருவம் மட்டும் அன்று. குலப்பெருமையும் செல்வமும் பதவியும் பட்டின் மினுமினுப்பிலும், பொய்ம்முடியில் தூவிய வெண்பொடியிலும் விளங்கவேண்டும் என்று விரும்பினர். ஆதலின் அக்காலத்து உருவ ஓவியங்கள் பலவற்றில் முகத்தைக் காட்டிலும் ஆடையே மிகுதியாகப் பேசியது. ஆயினும், ஆடையைக் கடந்து அகத்தைக் காட்டிய ஓவியங்களும் சில உண்டு. அவற்றுள் ஒன்று வெர்சேல்ஸ் அரண்மனையில் இன்றும் இருக்கிறது. அதனைத் தீட்டியவர் ஒரு பெண்மணி. அவர் பெயர் எலிசபெத் விஜே லெப்ரன்.

எலிசபெத் 1755-ஆம் ஆண்டில் பாரிசு நகரில் பிறந்தார். அவருடைய தந்தையாரும் ஓவியரே. பன்னிரண்டாம் வயதில் தந்தையை இழந்த அவர், இருபது வயது நிரம்புமுன்பே தூரிகையால் பொருள் ஈட்டித் தாயையும் தம்பியையும் காத்தார். உரிமம் இன்றித் தொழில் நடத்தினார் என்று 1774-இல் அவருடைய கருவிகளை அதிகாரிகள் கைப்பற்றினர். அவர் மனம் தளரவில்லை. அவ்வாண்டே ஓவியர் கழகம் ஒன்றில் உறுப்பினராகித் தம் உரிமையை நிலைநாட்டினார். 1778-இல் அரசி மேரி அந்துவானெட்டை நேரில் அமர்த்தித் தீட்டும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. மகளின் உருவப்படம் வேண்டும் என்று வியன்னாவிலிருந்து பலகாலும் கேட்டுவந்த தாய்க்கு அனுப்புதற்பொருட்டுத் தீட்டிய படம் அது. ஓவியரும் அரசியும் ஒரே ஆண்டில் பிறந்தவர்கள். அவர்களுக்கிடையே நாளடைவில் அன்பு வளர்ந்தது.

1783-இல் பாரிசுக் கண்காட்சியில் எலிசபெத் தீட்டிய அரசியின் படம் ஒன்று இடம்பெற்றது. அதில் பட்டும் இல்லை; மணியும் இல்லை. மெல்லிய வெண்பருத்தி ஆடையும் வைக்கோல் தொப்பியும் அணிந்து, கையில் ரோசா மலருடன் அரசி நின்றார். மக்கள் அதனை எளிமை என்று போற்றினரா? இல்லை. உள்ளாடையுடன் அரசி ஊர்முன் நிற்பதா என்று சிலர் சினந்தனர். உள்நாட்டுப் பட்டு நெசவாளர் வாட, அயல்நாட்டுத் துணியை உடுப்பதா என்று வேறு சிலர் குறை கூறினர். படம் அகற்றப்பட்டது. அதே மலரைக் கையில் ஏந்தி, பட்டாடையுடன் அரசி நிற்கும் வேறொரு படம் அவ்விடத்தில் வைக்கப்பட்டது.

பின்னர் 1785-இல் வைர மாலை வழக்கு எழுந்தது. ஏமாற்றுக்காரர் சிலர் அரசியின் பெயரைச் சொல்லி விலையுயர்ந்த மாலை ஒன்றைக் கவர்ந்தனர். அரசி அதில் குற்றமற்றவர். ஆயினும் பழி அவரையே சூழ்ந்தது. கருவூலம் வறண்டிருந்த நாளில், ‘பற்றாக்குறை அரசி’ என்று மக்கள் அவரை எள்ளி நகைத்தனர். இந்நிலையில், அரசியை நல்ல தாயாகக் காட்டும் பெரிய ஓவியம் ஒன்றைத் தீட்டும் பணி எலிசபெத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

ஏறத்தாழ ஒன்பது அடி உயரமுள்ள அவ்வோவியத்தில் அரசி செந்நிற ஆடை அணிந்து அமர்ந்திருக்கிறார். கழுத்தில் மாலை இல்லை. மடியில் இளைய மகன் இருக்கிறான். மகள் தாயின் தோளில் சாய்ந்து அவர் முகத்தை அண்ணாந்து நோக்குகிறாள். பின்னே நிழலில் அணிகலப் பேழை ஒன்று மங்கித் தோன்றுகிறது. அரசிக்கு மக்களே மணிகள் என்பது அதன் குறிப்புப் போலும்! வலப்புறத்தில் மூத்த மகன் ஒரு தொட்டிலைச் சுட்டிக் காட்டுகிறான். அத்தொட்டிலில் குழந்தை இல்லை. சோபி என்னும் கடைசி மகள், ஓர் ஆண்டு நிறையுமுன்னரே, 1787 சூன் திங்களில் இறந்துவிட்டாள். அரசியின் முகத்தில் முறுவல் இல்லாமைக்கு வேறு காரணம் தேடவேண்டுவதில்லை.

அவ்வாண்டுக் கண்காட்சிக்குப் படத்தை அனுப்ப எலிசபெத் அஞ்சித் தயங்கினார். வெறுஞ்சட்டம் மட்டும் சுவரில் தொங்கியது. அதனைக் கண்டோர், “இதோ பற்றாக்குறை!” என்று நகையாடினர். பின்னர்ப் படம் வந்தது. ஓவியருக்குப் புகழ் வந்தது. அரசியின் மீது படிந்த பழியோ நீங்கவில்லை. பசித்திருக்கும் மக்களுக்கு ஓவியம் விடையாகுமோ?

1789 சூனில் மூத்த மகனும் இறந்தான். அப்படத்தைக் கடக்கும்போதெல்லாம் அரசி கண்ணீர் வடித்தமையால், அதனை அங்கிருந்து அகற்றினர். அக்டோபரில் சினங்கொண்ட மக்கள் அரண்மனைக்குள் புகுந்தபோது அது அவர்கள் கண்ணில் படவில்லை. அதனாலேயே அழியாது தப்பியது என்று எலிசபெத் தம் நினைவுக் குறிப்பில் எழுதியுள்ளார். அத்திங்களிலேயே அவரும் தம் சிறு மகளுடன் நாட்டைவிட்டு வெளியேறினார். அரசி 1793-இல் கொலைத்தண்டனைக்கு உள்ளானார். இளைய மகன் 1795-இல் சிறையில் மடிந்தான். படத்திலுள்ள மூன்று மக்களுள் மகள் ஒருத்தியே முதுமை எய்தினாள். எலிசபெத் பல நாடுகளில் தம் தூரிகையாலேயே வாழ்ந்து, 1802-இல் தாயகம் திரும்பி, 1842-இல் மறைந்தார்.

அரசியின் பழியைத் துடைக்கவே அவ்வோவியம் பிறந்தது. அப்பணியில் அது தோற்றது. ஆனால், செங்கோலாலும் செல்வத்தாலும் காக்க இயலாத ஒரு தாயின் துயரை அது காத்து வைத்திருக்கிறது. காண்போர் கண்கள் பட்டாடையில் சிறிது நேரம் தங்கும். பின்னர் அவ்வெற்றுத் தொட்டிலிலேயே நிலைத்து நிற்கும்.