ஒரு மூட்டை மல்லாட்டை

எங்கள் பக்கத்தில் சாவுக்குக் கூத்து வைப்பார்கள். செய்யாறு, வந்தவாசி, செஞ்சி வட்டாரத்தில் இதை யாரும் விநோதமாக நினைப்பதில்லை. செத்தவர் வீட்டு வாசலில் பந்தல் போட்டு விடிய விடிய ‘கர்ண மோட்சம்’ நடக்கும். கர்ணனோடு செத்தவரின் உயிரும் கரையேறிவிடும் என்பது நம்பிக்கை. திரௌபதி அம்மன் கோயிலில் நடக்கும் பாரதக் கூத்து ஊருக்கு. இது ஒரு வீட்டுக்கு.

1983இல் அது எங்கள் வீட்டுக்கு நடந்தது. திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆவதற்கு முன்பு, நாங்களெல்லாம் வட ஆற்காட்டுக்காரர்களாக இருந்த காலம். முந்தின வருஷம் மழை பொய்த்துக் கிணற்றில் பாறை தெரிந்தது. அப்பா கடன் வாங்கிக் கிணற்றைத் தோண்டினார். தண்ணீர் வரவில்லை, மஞ்சள் காமாலைதான் வந்தது. வைகாசிக் கடைசியில் ஆஸ்பத்திரியில் அம்மா வெந்நீர் வாங்கக் கீழே போயிருந்த நேரத்தில் அவர் போய்விட்டார். திரும்பி வந்து பார்த்தால் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்துவிட்டிருந்தார்களாம். அம்மா அழவில்லை. ஊருக்கு வந்த பிறகும் அழவில்லை. சொம்பை வைத்த இடத்தில் வைத்துவிட்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கூத்து வைத்தே ஆகவேண்டும் என்று நின்றது ஆயா. “இருக்கிற கடன் போதாதா, கூத்துக்கு வேற அழுவணுமா?” என்றார் பெரியப்பா. அவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. அம்மாவின் செயின் அடகில் இருந்தது. வீட்டில் காசாகக்கூடியது பரண்மேல் இருந்த விதைக்காய் மூட்டைகள் மட்டும்தான். அப்பா ஆடிப்பட்டத்துக்கென்று ஒதுக்கி வைத்திருந்த மல்லாட்டை, அதாவது நிலக்கடலை. அதை விற்றுக் காரியத்தை முடித்துவிட்டு, நிலத்தை யாருக்காவது குத்தகைக்கு விட்டுவிடலாம் என்று பெரியவர்கள் பேசி முடித்திருந்தார்கள். ஆயா அதற்கெல்லாம் குறுக்கே பேசவில்லை. “எம்புள்ள கூத்துப் பைத்தியம். அவனைச் சும்மா அனுப்ப மாட்டேன்” என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னது. கடைசியில் தாய்மாமன் முன்பணம் கொடுத்து, வெற்றிலை பாக்கு மாற்றிக் கூத்து பேசிவிட்டு வந்தார்.

ஆயாவுக்குக் கூத்து பொழுதுபோக்கு இல்லை. பாரதம் முடிகிற அன்று படுகளத்தில் துரியோதனனை ஆள் உயரத்துக்குப் பல மடங்கு பெரிய மண் உருவமாகப் படுக்கவைத்திருப்பார்கள். பீமன் தொடையில் அடிப்பான், பாஞ்சாலி கூந்தலை முடிப்பாள். கூட்டம் கலைவதற்குள் பெண்கள் முண்டியடித்து அந்த மண்ணில் ஒரு பிடி அள்ளுவார்கள். ஆயா அதை முந்தானையில் முடிந்து கொண்டுவந்து குதிரில் போடும். செத்தவன் மண்ணை நெல்லில் எதற்குப் போடுகிறாய் என்று ஒருமுறை கேட்டேன். “அதுக்கப்புறந்தான்டா நெல்லு” என்றது. இதில் என்ன பதில் இருக்கிறது என்று அப்போது விளங்கவில்லை.

புரிசை கண்ணப்பத் தம்பிரானால் எங்கள் வட்டாரக் கூத்துக்குப் பட்டணத்தில் பெயர் உண்டு. எங்களுக்கு வந்தது அப்படிப்பட்ட ஜமா இல்லை. இரண்டு ஊர் தாண்டினால் யாருக்கும் தெரியாத செட்டு. எங்கள் மாட்டுக்கொட்டகைதான் வேஷம் கட்டுகிற இடம். மாட்டைக் கட்டும் முளையில் கையகலக் கண்ணாடியைத் தொங்கவிட்டு, கூத்து வாத்தியார் அரிதாரம் பூசிக்கொண்டிருந்தார். ஈர்க்குச்சியை வெள்ளையில் தொட்டுக் கன்னத்தில் புள்ளி புள்ளியாக வைத்தார். பாதி முகம் கர்ணன், பாதி முகம் பீடி குடிக்கிற மனுஷன். பக்கத்தில் பாயில் கிரீடமும் புஜக்கட்டையும் கிடந்தன. தூக்கிப் பார்த்தேன், கல்யாண முருங்கைக் கட்டை, அவ்வளவு கனமில்லை. “வைடா, சாமி குத்தம்” என்று மிருதங்கக்காரர் அதட்டினார். “அவன் வூட்டுக் கூத்துதான? பார்க்கட்டும் வுடு” என்றார் வாத்தியார்.

பத்து மணிக்குமேல் களரி கட்டியது. கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் வந்ததும் அப்பாவைப் பிடித்துக்கொண்டான். கூத்தென்றால் முன்வரிசையில் முதல் ஆளாக உட்கார்ந்து, ராஜா கொலுவுக்கு வருவதற்குள் தூங்கிப்போவாரே, அந்த மகராசன் இன்றைக்காவது முழித்திருக்கிறாரா என்று கேட்டான். பந்தலே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சாவு வீட்டில் சிரிக்கலாமா என்று பயந்து அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள், தோள் குலுங்கியது.

கர்ண மோட்சத்தைப் பார்க்காதவர்கள் அதைச் சண்டைக் கூத்து என்று நினைப்பார்கள். சண்டை கடைசியில் கொஞ்ச நேரம்தான். ராத்திரியில் பெரும்பகுதி, போருக்குப் போகுமுன் கர்ணன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறுவதிலேயே போகும். அவள் அவனைக் குலம் தெரியாதவன் என்று இகழ்ந்தே வாழ்ந்தவள். கதவைத் திறக்க மறுப்பாள், ஏசுவாள், பாட்டுக்குப் பாட்டு எதிர்ப்பாட்டு. தான் யார் பெற்ற பிள்ளை என்பதை அவன் சொன்ன பிறகு அவள் உடைவாள். அதற்குள் நேரம் ஆகிவிட்டது. போகாதே என்கிறாள், போகிறேன் என்கிறான். திரும்பி இரண்டு அடி வைக்கிறான், மறுபடி வருகிறான். விடிந்தால் அவன் செத்துவிடுவான் என்று பந்தலில் உட்கார்ந்திருந்த கைக்குழந்தை தவிர அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே, இன்னும் ஒரு பாட்டு இருந்து போயேன் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பொன்னுருவி வேஷம் போட்டவருக்கு ஐம்பது வயதிருக்கும். அவர் கர்ணன் காலைப் பிடித்துக்கொண்ட இடத்தில்தான் அம்மாவின் குரல் கேட்டது. அழுகை என்று முதலில் புரியவில்லை. பெண்கள் எழுந்து அவளைச் சுற்றிக்கொண்டார்கள். தாளக்காரர் ஒரு கணம் தயங்க, வாத்தியார் கண்ணாலேயே ‘நிறுத்தாதே’ என்றார். அந்தப் பாட்டை அன்றைக்கு எத்தனையோ முறை திருப்பிப் பாடினார். வெந்நீர்ச் சொம்போடு மாடியேறியவளுக்குக் கிடைக்காமல் போன நேரத்தை அந்த மனிதர் பாடிப் பாடி நீட்டிக்கொடுத்தார் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அன்று அவர் நினைத்தது என்னவோ. தொழில் தெரிந்தவர், எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

மற்றதெல்லாம் வேகமாக நடந்தது. சல்லியன் தேரைவிட்டு இறங்கிப் போனான், சக்கரம் புதைந்தது, கிருஷ்ணன் கிழப் பிராமணனாக வந்து புண்ணியத்தையும் தானமாகக் கேட்டு வாங்கிக்கொண்டான். கிழக்கு வெளுக்கும்போது கர்ணன் விழுந்தான். ஆயா கற்பூரம் ஏற்றியது.

காரியத்துக்கு எல்லாரும் ஏரிக்கரைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது வாத்தியார் பாக்கிக் கணக்குக்கு வந்தார். காதோரம் அரிதாரம் இன்னும் போகவில்லை. மாமன் கையைப் பிசைந்தார். பெரியப்பா கண்டுகொள்ளாமல் பித்தளைக் குடத்தைத் தேடினார். வாத்தியார் திண்ணையில் உட்கார்ந்து பீடி பற்றவைத்து, பரணை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, அம்மாவிடம் சாதாரணமாகச் சொன்னார்:

“இப்ப வாணாம் தங்கச்சி. கார்த்திகையில மல்லாட்டை புடுங்குவீங்க இல்ல, அப்ப ஒரு மூட்டை போட்டுடு. நான் வந்து வாங்கிக்கறேன்.”

யாரும் பேசவில்லை. அந்த வீட்டில் கார்த்திகை என்று ஒரு மாதத்தைப் பற்றி அதுவரை யாரும் வாயெடுக்கவில்லை. கடன்காரர்கள் நேற்றைய கணக்கைக் கேட்டார்கள், சொந்தக்காரர்கள் இன்றைய செலவைக் கேட்டார்கள். அம்மா கொஞ்ச நேரம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்ப விதைக்கணுமே” என்றாள்.

“வெதைக்காம?” என்றார் அவர்.

விதைக்காய் பரணைவிட்டு விற்பனைக்கு இறங்கவில்லை. மீதி ஆனி முழுக்க நாங்கள் திண்ணையில் உட்கார்ந்து உடைத்தோம். கட்டைவிரல் நகத்தடி கன்றிப்போகும். சுருங்கிய பருப்பை ஒதுக்கி, நல்லதை மட்டும் முறத்தில் போட வேண்டும். ஒதுக்கியது எங்கள் வாய்க்கு. ஆடியில் மாமன் ஏர் பிடிக்க, அம்மா பின்னால் சாலில் பருப்பைப் போட்டுக்கொண்டே போனாள். மழை மானாவாரிக்குப் போதுமான அளவு பெய்தது. பிரமாதமான விளைச்சல் ஒன்றுமில்லை. கடனில் பாதிகூட அடையவில்லை, செயின் மேலும் இரண்டு வருஷம் அடகிலேயே கிடந்தது.

சொன்னபடி கார்த்திகையில் வாத்தியார் சைக்கிளில் வந்தார். மூட்டையைப் பிரித்து ஒரு காயை எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தார், உடைத்தார், வாயில் போட்டார், முகத்தைச் சுளித்தார்.

“ஈரமா கீதே தங்கச்சி. காஞ்சா முக்கா மூட்டைதான் தேறும்.”

அவ்வளவுதான், அம்மா பிடித்துக்கொண்டாள். மூன்று நாள் களத்தில் காய்ந்த காய் இது, உங்கள் ஊரில் வெயிலே வேறா, கர்ணன் வேஷம் கட்டுகிற வாயா இது, வேண்டுமென்றால் இன்னொரு படி அள்ளிக்கொண்டு போங்கள், ஆனால் என் காயை ஈரம் என்று சொல்லாதீர்கள் என்று தெருமுனைவரை கேட்கிற மாதிரி கத்தினாள். அந்தக் குரலை நாங்கள் வைகாசிக்கு அப்புறம் கேட்டதே இல்லை. வாத்தியார் வாங்கிக் கட்டிக்கொண்டு, மூட்டையைச் சைக்கிளில் ஏற்றிக் கயிறு போட்டார்.

“அந்த ஒரு படியையும் போடு” என்றார்.