மெல்லக் குறையும் பாரம்

உடற்பாரத்தை ஒரே மாதத்தில் இறக்கிவைத்துவிட வேண்டும் என்னும் அவசரம் நம்மவரிடையே மிகுந்துவிட்டது. கலியாண வீட்டுக்கு நாள் குறித்ததும் சோற்றைத் துறப்பாரும், திடீரென ஓடத் தொடங்கி மூன்றாம் நாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கதிரையில் அமர்வாரும் பலர். அவர்தம் ஊக்கத்தை நாம் குறை கூறோம். கணக்குத்தான் அவர்கள் பக்கம் இல்லை.

ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி சக்தி அடங்கியுள்ளது. எண்பது கிலோ நிறையுள்ள ஒருவர் ஒரு மணி நேரம் விரைந்து நடந்தால் செலவாவதோ ஏறத்தாழ 300 கலோரி. வகுத்துப் பாருங்கள், ஒரு கிலோ கரைய இருபத்தைந்து நாட்களுக்கு மேல் வேண்டும். நடந்த களிப்பில் இரண்டு உழுந்து வடையும் சீனி மிகுந்த பால்தேநீரும் உட்கொண்டால் அன்றைய நடைக்கும் அதற்கும் பெரும்பாலும் சரியாகிவிடும். வகுப்பில் இக்கணக்கைக் கரும்பலகையில் எழுதியபோது மாணவர் வடைக்காகவே வருந்தினர்!

எமக்கு இதில் அக்கறை பிறந்தது அழகை நாடியன்று. எம் தந்தையார் நீரிழிவினால் ஒரு காலை இழந்து, இறுதி ஆறு ஆண்டுகளைத் திண்ணையிலேயே கழித்தவர். இவ்வாண்டு தை மாதத்தில் எமது இரத்தத்திலும் சீனி எல்லையை அணுகிவிட்டதென வைத்தியர் கூறினார். அப்பொழுது எம் நிறை 84 கிலோ.

அமெரிக்காவில் நீரிழிவின் வாயிலில் நின்ற மூவாயிரத்துக்கு மேற்பட்டோரை ஆராய்ந்து 2002 இல் முடிவுகளை வெளியிட்டனர். நிறையில் நூற்றுக்கு 7 பங்கைக் குறைத்தல், வாரத்தில் 150 நிமிட உடற்பயிற்சி என்பவற்றை இலக்காகக் கொண்ட பிரிவினரிடையே நோய் தோன்றுவது நூற்றுக்கு 58 பங்கு குறைந்தது. எமக்கு அந்த ஏழு பங்கு ஆறு கிலோவுக்கும் குறைவு. தந்தையாரின் காலை எண்ணியபோது அது பெருந்தொகையாகத் தோன்றவில்லை.

விரைந்து மெலிவோர் கதை வேறு. அதே நாட்டில் தொலைக்காட்சிப் போட்டியொன்றிற் சில மாதங்களில் மெலிந்த 14 பேரை ஆறு ஆண்டுகளின் பின் ஆராய்ந்து 2016 இல் அறிக்கை வெளியிட்டனர். இழந்த நிறையிற் பெரும்பகுதி மீண்டிருந்தது. அவர்தம் உடலோ எதிர்பார்த்ததிலும் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே எரித்துக்கொண்டிருந்தது. பஞ்சம் வந்ததென்று கருதி உடல் தன் செலவைச் சுருக்கிக்கொண்டது போலும். நிறை மீளாமற் காத்துக்கொண்டவர்கள், உடலுழைப்பைக் கூட்டிக்கொண்டவர்களே.

நாம் பண்ணைக் கடலோரத்தில் பதினைந்து நிமிட நடையோடு தொடங்கினோம். இரு மாதங்களில் அது ஒரு மணி நேரமாயிற்று. வாரத்தில் ஐந்து நாள். இரவுச் சோற்றில் ஓர் அகப்பையை இல்லாள் குறைத்தார்; சொதியை நாம் விட்டுக்கொடுக்கவில்லை. பத்து மாதத்தில் ஏழு கிலோ இறங்கியது.

இப்பொழுது கார்த்திகை மழை. ஒழுங்கையெங்கும் வெள்ளம். மாலையில் வீட்டு விறாந்தையிலேயே முன்னும் பின்னுமாக நடக்கின்றோம். இளைய மகள் சுற்றுக்களை எண்ணுகின்றாள். இம்மாதம் தராசு சிறிதும் அசையவில்லை. நேற்று இருநூற்றுப் பத்தாம் சுற்றில் அவளுக்கு நித்திரை வந்துவிட்டது. எஞ்சியவற்றை நாமே எண்ணி முடித்தோம்.