பதின்மூன்றுக்கு ஒன்று

2019 செப்டம்பர். மகளிர் ஜூனியர் ஏஎச்எஃப் கோப்பை ஆட்டம் பார்க்க செங்காங் ஹாக்கி அரங்குக்குப் போயிருந்தேன். 21 வயதுக்கு உட்பட்டவர்களின் போட்டி. இந்தியா, ஜப்பான், தென்கொரியா எல்லாம் இதில் ஆடுவதில்லை. இதில் தேறினால்தான் ஜூனியர் ஆசியக் கோப்பைக்குள் நுழைய முடியும்.

பக்கத்தில் எங்கள் வேலையிடத்தில் சாரம் கட்டும் பங்ளாதேஷ் அண்ணன். அவர் நாட்டு ஹாக்கிப் பெண்களுக்கு அதுதான் முதல் சர்வதேசப் போட்டி. தோற்கிறார்களா ஜெயிக்கிறார்களா என்றுகூடப் பார்க்காமல் கத்திக்கொண்டே இருந்தார்.

நானும் பள்ளியில் ஆடியவள்தான். தேர்வில் கழற்றிவிட்டதும் அப்பா சொன்னார்: “ரெண்டாவது வரிசைல நின்னு என்னம்மா பண்ணப்போற? படிப்பப் பாரு.” மட்டை கட்டிலுக்கு அடியில் போனது. நான் எதிர்த்துப் பேசவில்லை.

2024 டிசம்பர், மஸ்கட். ஜூனியர் ஆசியக் கோப்பையில் பங்ளாதேஷ் பெண்கள் இந்தியாவிடம் 13-1 என்று தோற்றார்கள். கடைசியில் கோப்பையை வென்றதும் அதே இந்தியாதான்.

அண்ணனுக்கு ஸ்கோரை அனுப்பினேன். மனசு கஷ்டப்படுவார் என்று நினைத்தேன். வாட்ஸ்அப்பில் குரல் வந்தது, எங்களிடம் கற்ற தமிழில்: “இந்தியாகூட ஒண்ணு போட்டுச்சா? ஐயோ, சூப்பர்!” பதின்மூன்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அப்பா பதின்மூன்றை எண்ணியவர். இத்தனை வருஷம் நானும்தான்.

அன்றிரவு மட்டையை வெளியே எடுத்தேன். கைப்பிடி நாடா உரிந்து விரலில் ஒட்டிக்கொண்டது. புதுசு வாங்கணும்.