பெயரை நீக்கினால் பிள்ளை எங்கே போகும்?

"சார், இந்த வயசுல எதுக்கு இதெல்லாம்?" என்று பலர் கேட்டுவிட்டீர்கள். ஆறு மாதமாக 'இசட்' என்ற குறியீட்டு முறையைப் படித்துவருகிறேன். அதைப் பற்றிக் கொஞ்சம்.

இசட் கணினி மொழி அல்ல. ஒரு தரவுத்தளத்தில் என்ன இருக்க வேண்டும், எது ஒருபோதும் நடக்கக் கூடாது என்பதை, நிரல் எழுதுவதற்கு முன்பே கணிதத்தில் எழுதிவைக்கும் முறை. பிரான்ஸ் நாட்டு அறிஞர் ழான் ரேமோன் அப்ரியால் 1970களில் தொடங்கியது. ஆக்ஸ்போர்டில் வளர்ந்து 2002இல் ஐ.எஸ்.ஓ. தரமானது. அடித்தளம் நம் ஒன்பதாம் வகுப்புக் கணங்கள்தான். சேர்ப்பு, வெட்டு, உட்கணம் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

ஸ்பைவி எழுதிய கையேட்டில் முதல் எடுத்துக்காட்டு ஒரு பிறந்தநாள் புத்தகம். ஒரு பெயருக்கு ஒரே தேதி. கல்வராயன் மலையில் ஒரே வகுப்பில் ஒரே பெயரில் இரண்டு மூன்று பிள்ளைகள் இருப்பார்கள். அங்கே இது முதல் வரியிலேயே உடைந்துவிடும். எமிஸில் பிள்ளைக்குத் தனி எண் எதற்கு என்பது இப்போதுதான் கணக்காக விளங்கியது.

பிறகு நானே ஒரு பள்ளிப் பதிவேட்டை எழுதிப் பார்த்தேன். மூன்று கணங்கள்: அறிந்த பிள்ளைகள், பயில்வோர், காத்திருப்போர். நிபந்தனை இரண்டு. பயில்வோரும் காத்திருப்போரும் சேர்ந்தால் அறிந்த பிள்ளைகள் அத்தனை பேரும் வர வேண்டும். ஒருவரே இரண்டிலும் இருக்கக் கூடாது.

மலையிலிருந்து குடும்பத்தோடு தோட்ட வேலைக்குப் போய்விடுவார்கள். பிள்ளை நெடுநாள் வராவிட்டால் பெயர் நீக்கம். இசட்டில் நீக்கலுக்கு இரண்டு வரி வேண்டும்: பயில்வோரில் ஒருவர் குறைகிறார், அவரே காத்திருப்போரில் சேர்கிறார். முதல் வரியோடு நிறுத்தினால் நிபந்தனை பொய்யாகிவிடும். நம் பழைய வருகைப் பதிவேட்டில் முதல் வரி மட்டும்தான். சிவப்பு மையில் ஒரு கோடு. பிள்ளை அடுத்து எங்கே என்று எழுத அந்தப் பக்கத்தில் இடமே கிடையாது.

எமிஸில் அந்த இரண்டாம் வரி இருக்கிறது. அதுதான் நீங்கள் தினமும் பார்க்கும் காமன் பூல்.

ஆனால் ஒன்று. நிபந்தனை எதுவும் மீறப்படாமலேயே ஒரு பிள்ளை மூன்று வருடம் காத்திருப்போரில் கிடக்கலாம். கணிதம் தடுக்காது, நாம் கேட்காததை அது சொல்லாது. அதனால் என் மாதிரியில் சேர்ந்த நாளையும் வைத்தேன். முப்பது நாள் தாண்டியவர்களைப் பட்டியலிடும் ஒரு செயலையும் எழுதினேன். அந்தப் பட்டியல் வெள்ளிமலைக்குப் பஸ் ஏறிப் போய் வீட்டு வாசலில் நிற்காது. அது வாத்தியார் வேலை.

பணியில் இருக்கும் தம்பி தங்கைகளே, இந்த வாரம் காமன் பூலை ஒருமுறை திறந்து பாருங்கள். உங்கள் ஊர்ப் பிள்ளை ஒன்று அங்கே இருக்கலாம்.

இசட் படிக்க ஆசை இருப்பவர்கள் சொல்லுங்கள். கள்ளக்குறிச்சியில் ஒரு ஞாயிறு மாலை உட்காருவோம். கரும்பலகையும் சாக்பீஸும் போதும்.